குறுக்கெழுத்து இன்பம்

உழைக்கும் நேரத்தில் மக்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே தன்மையராகத்தான் தோன்றுகின்றனர். ஓய்வு கிடைத்ததும்தான் ஒவ்வொருவருடைய இயல்பும் வெளிப்படுகிறது. ஒருவர் தோட்டத்திற்குப் போகிறார். ஒருவர் சீட்டுக்கட்டை எடுக்கிறார். மற்றொருவர் திண்ணையில் அமர்ந்து ஊர்க்கதை பேசுகிறார். இவர்களுக்கு இடையே இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. காலையில் செய்தித்தாள் வந்தவுடன், நாட்டு நடப்பையும் விலைவாசியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டு, உட்பக்கம் ஒன்றில் கறுப்பும் வெள்ளையுமாகக் கிடக்கும் சிறு கட்டத்தின்மேல் கண்ணைப் பதிப்பவர்கள் அவர்கள். பல ஆண்டுகளாக நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆகவே, மாணவ நண்பர்களே, நாள்தோறும் குறுக்கெழுத்துப் புதிரை விடுவிப்பதில் உள்ள இன்பத்தையும், அதில் நேரும் இடறல்களையும் பற்றி உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

"வெறும் பொழுதுபோக்குத்தானே! இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். பொழுதுபோக்குத்தான், மறுக்கவில்லை. ஆயினும், ஊகம் எது, உறுதி எது என்று பிரித்தறிய நம்மைப் பழக்குவதில் இதற்கு நிகரான எளிய பயிற்சி வேறொன்றை நான் கண்டதில்லை.

முதலில் இதன் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் ஆர்தர் வின் என்னும் பத்திரிகையாளர். அவர் 'நியூயார்க் வேர்ல்டு' என்ற இதழின் ஞாயிறு மலரில் வேடிக்கைப் பகுதியைக் கவனித்து வந்தார். 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், வைர வடிவமாகக் கட்டங்களை வரைந்து, சொற்களை ஒன்றையொன்று குறுக்கிடுமாறு கோத்து, ஒரு புதிரை வெளியிட்டார். அவர் அதற்கு இட்ட பெயர் 'சொற்குறுக்கு' என்று பொருள்படுவது. சில வாரங்கள் கழித்து, அச்சுக்கோப்பில் அந்தப் பெயரின் இரு பகுதிகளும் முன்பின்னாக மாறிவிட்டன. மாறிய பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது. இடறல்கள் நிறைந்த ஒரு விளையாட்டுக்கு ஓர் இடறலிலேயே பெயர் அமைந்தது பொருத்தந்தானே!

1924-ஆம் ஆண்டில் சைமன், ஷூஸ்டர் என்னும் இருவர் நியூயார்க் நகரில் ஒரு பதிப்பகம் தொடங்கித் தம் முதல் நூலாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டனர். நூலோடு ஒரு பென்சிலையும் இணைத்தே விற்றனர். நூல் அமோகமாக விலைபோயிற்று. அதே ஆண்டில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ், இது காலத்தை வீணாக்கும் பழக்கம் என்று கடிந்து எழுதியது. ஆனால் 1942 பிப்ரவரியில் அந்த நாளிதழே குறுக்கெழுத்தைத் தன் பக்கங்களில் வரவேற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் 'டெய்லி டெலிகிராப்' 1925-இலும், லண்டன் 'டைம்ஸ்' 1930-இலும் புதிர் வெளியிடத் தொடங்கின. அந்நாட்டில் இது சொல்லுக்குப் பொருள் கேட்கும் விளையாட்டாக மட்டும் நிற்கவில்லை. சொல்லையே மறைத்து வைத்துத் தேடச் செய்யும் கலையாக வளர்ந்தது.

சொல்லை மறைத்து விளையாடுவது தமிழர்க்குப் புதிதன்று. பாட்டி சொல்லும் விடுகதையும், புலவர் பாடும் சிலேடையும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளை எண்ணிப் பாருங்கள். மாலைமாற்று என்பது முதலிலிருந்து படித்தாலும் முடிவிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமையும் பாட்டு. திருஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். சுழிகுளம் என்பது அடிக்கு எட்டு எழுத்தாக நான்கு அடிகளை எழுதி, எழுத்துகளைச் சுழன்று சுழன்று உள்நோக்கிப் படித்தாலும் அதே பாட்டு வருமாறு அமைப்பது. அக்கரச் சுதகம் என்பது ஒரு சொல்லில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போக, வேறு வேறு பொருள் தரும் சொற்கள் பிறப்பது. 'கவிதை' என்ற சொல்லில் முதல் எழுத்தை நீக்குங்கள், 'விதை' கிடைக்கிறது. அதிலும் முதல் எழுத்தை நீக்குங்கள்; 'தை' பிறக்கிறது. ஆங்கிலப் புதிர்களில் சொல்லின் தலையைக் கொய்யும் குறிப்புகளைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த அக்கரச் சுதகமே நினைவுக்கு வரும்.

இந்த முறையில் தமிழிலும் குறிப்புகள் அமைக்கலாம். "கவலையின் தலை போனால் மீன் அகப்படும்; இரண்டெழுத்து" என்று ஒரு குறிப்பு. கவலை தீர்ந்தால் மீன் எப்படி அகப்படும் என்று மயங்குகிறோம். 'கவலை' என்ற சொல்லின் தலையாகிய 'க' போய்விட்டால் எஞ்சுவது 'வலை'. அதில் மீன் அகப்படாமல் என்ன செய்யும்? "பொழுது சாய்ந்தால் கழுத்தில் விழும், இரண்டெழுத்து" என்பது இன்னொன்று. விடை 'மாலை'. "வானிலும் உண்டு; வாரத்திலும் உண்டு; ஆண்டில் பன்னிரண்டு உண்டு" என்று கேட்டால், முதல் இரண்டையும் கேட்டவுடனே 'ஞாயிறு' என்று சொல்ல நாக்கு துடிக்கும். மூன்றாவதைக் கேட்ட பிறகுதான் 'திங்கள்' என்று தெளிவோம்.

இத்தகைய புதிர்களில் ஓர் அறம் உண்டு. அமைப்பவர் மறைக்கலாம், பொய் சொல்லக் கூடாது. நம் கண்ணை வேறு பக்கம் திருப்பலாம். ஆனால் விடைக்குரிய வழி குறிப்பிலேயே இருக்க வேண்டும். லண்டன் 'அப்சர்வர்' இதழில் 1939 முதல் நீண்ட காலம் புதிர்கள் அமைத்த மாக்நட் என்னும் பள்ளியாசிரியர், இந்த நேர்மையை வலியுறுத்தி 1966-இல் ஒரு நூலே எழுதினார். விடை கிடைத்ததும் நமக்கு எழும் மகிழ்ச்சிக்குக் காரணம் இந்த நேர்மைதான். "அடடா, கண்முன்னே இருந்ததே!" என்று சிரிக்கிறோம், "ஏமாற்றிவிட்டாரே!" என்று சினப்பதில்லை.

இனி, தமிழ்க் குறுக்கெழுத்துக்கே உரிய சில சுவைகளைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் நிற்கக்கூடிய எழுத்துகள் 26. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள். 'கா' ஒரு கட்டம். 'கி' வேறொரு கட்டம். 'க்' என்பதும் தனிக் கட்டம். இரண்டு சொற்கள் குறுக்கிடும் இடத்தில் இரண்டுக்கும் அதே எழுத்து, அதே உயிரோடு பொருந்தி நிற்க வேண்டும். ஆகவே, தமிழில் புதிர் அமைப்பவர்க்குத் தொல்லை மிகுதி. விடுவிப்பவர்க்கு ஒரு நன்மையும் உண்டு. குறுக்கிடும் ஓர் எழுத்துக் கிடைத்துவிட்டால், அந்த ஓரெழுத்தே பல சொற்களை ஒதுக்கிவிடும்.

இன்னொன்று காணுங்கள். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு இறுதியில் நிற்கும், முதலில் நில்லாது. 'கடல்' என்று எழுதினால் கடைசிக் கட்டத்தில் 'ல்' நிற்கிறது. அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்க முடியாது. ஆனால் கீழிருந்து மேல்நோக்கி வரும் 'பகல்' அங்கே வந்து முடியலாம். தமிழ் இதழ்களில் 'இடமிருந்து வலம்', 'மேலிருந்து கீழ்' என்பவற்றோடு 'வலமிருந்து இடம்', 'கீழிருந்து மேல்' என்ற குறிப்புகளையும் காண்கிறோம் அல்லவா? ஆங்கிலப் புதிர்களில் வழக்கமில்லாத இந்தப் பின்னோட்டம், தமிழில் புதிர் அமைப்பவர்க்குப் பெருந்துணையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

நன்னூலில் மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று படிக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்தும் விடுகிறோம். புதிர் அவற்றை நினைவூட்டும். 'தாமரையைக் குறிக்கும் நான்கெழுத்துச் சொல்' என்று ஒரு குறிப்பு. 'கமலம்' என்றும் சொல்லலாம்; 'நளினம்' என்றும் சொல்லலாம். எது சரி? கட்டத்தைப் பாருங்கள். இரண்டாம் கட்டத்தில் ஓர் எண் இருக்கிறது. அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்குகிறது என்று கொள்வோம். 'நளினம்' என்றால் அந்தக் கட்டத்தில் 'ளி' வரும். ளகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. ஆகவே விடை 'கமலம்'. வேறு ஒரு விடையையும் அறியாமலே, இலக்கணத்தின் துணை ஒன்றைக்கொண்டே முடிவு செய்துவிட்டோம்! நூற்பாவை நெட்டுருப் போட்ட நாளில் கிடைக்காத மகிழ்ச்சி அப்போது கிடைக்கிறது.

எழுத்துப் பிழைகளைத் திருத்துவதிலும் இதற்கு நிகரான ஆசிரியர் இல்லை. மரம், மறம், அலகு, அழகு, மனம், மணம் என்னும் வேறுபாடுகளை ஆசிரியர் பலமுறை சொன்னாலும் சிலருக்கு மனத்தில் பதிவதில்லை. தவறாக எழுதியதனால் பக்கத்துச் சொல் வந்து பொருந்தாமல் நிற்கும்போது உடனே பதிந்துவிடுகிறது. 'பூக்கடை' என்பதற்கு மூன்று கட்டம் போதுமென்று எண்ணியவர், நான்காவது கட்டம் வெறுமையாக நிற்பதைக் கண்டு, ஒற்று மிகும் விதியைத் தாமே தேடிப் போகிறார்.

இனி, இடறல்களுக்கு வருவோம். என் நண்பர் ஒருவர் எந்தப் புதிரையும் பேனாவால்தான் நிரப்புவார். ஒரு நாள், 'நீரில் மலரும் பூ. நான்கெழுத்து' என்ற குறிப்பைக் கண்டார். 'கமலம்' என்று அழுத்தமாக எழுதினார். அதன் கடைசிக் கட்டத்தில் வந்து முடியும், கீழிருந்து மேல் செல்லும் மூன்றெழுத்துச் சொல் ஒன்று: 'கதிரவன் ஆளும் பொழுது'. இறுதியில் 'ம்' இருக்கிறது. ஆகவே 'தினம்' என்று நிரப்பினார். இரண்டும் பொருந்திவிட்டன. அவருக்குப் பெருமகிழ்ச்சி. பிறகு முதற் கட்டத்திலிருந்து கீழே இறங்கும் இரண்டெழுத்துச் சொல்லுக்கு வந்தார். 'விழுதுகள் தாங்கும் மரம்' என்பது குறிப்பு. ககரத்தில் அப்படி ஒரு மரம் ஏது? அரைமணி நேரம் அகராதியைப் புரட்டினார். புதிர் அமைத்தவர் தவறு செய்துவிட்டார் என்று முடிவும் கட்டிவிட்டார். அருகிலிருந்த அவர் மகள், "அப்பா, அது ஆல் அல்லவா?" என்று கேட்டாள். ஆல் என்றால் முதலெழுத்து 'ஆ'. ஆகவே பூ கமலம் அன்று; ஆம்பல். கடைசி எழுத்து 'ல்'. அப்படியானால் பொழுதும் தினம் அன்று, பகல். பேனாவால் எழுதியவற்றை அடித்துத் திருத்தியதில் கட்டமே கறுத்துவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நண்பர் எழுதிய முதல் விடை தவறானது. இரண்டாவது விடையும் தவறானது. எனினும் இரண்டும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின! அந்தப் பொருத்தத்தையே அவர் உண்மைக்குச் சான்றாகக் கொண்டார். முதல் விடையைக் கொண்டே இரண்டாவதைத் தேடியவர், இரண்டாவதைக் கொண்டு முதலாவதை உறுதி செய்துகொண்டார். ஒருவர் சொன்னதையே கேட்டு வந்து மற்றவர் சொல்வதை, இரண்டாம் சாட்சி என்று எண்ணுவது போன்றது இது. இந்த இரண்டையும் சாராத மூன்றாம் சொல் ஒன்று வந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வாழ்க்கையிலும் எத்தனையோ வதந்திகள் இப்படித்தானே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன!

பொருத்தம் கண்டு மயங்குவதற்கு வரலாற்றிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஜூன் 6-ஆம் நாள் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. அதற்கு முந்திய மே மாதத்திலும், ஜூன் முதல் நாளிலும் 'டெய்லி டெலிகிராப்' புதிர்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்டு, மல்பெரி, நெப்டியூன் என்னும் சொற்கள் விடைகளாக வந்தன. ஐந்தும் அந்தப் படையெடுப்பின் மறைபெயர்கள்! உளவுத்துறையினர் புதிர் அமைத்தவரைத் தேடிச் சென்று விசாரித்தனர். அவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். பகைவர்க்குச் செய்தி அனுப்பியதாக அவர்மேல் எந்தக் குற்றமும் நிலைபெறவில்லை. மாணவர்களிடம் சொற்களைக் கேட்டு வாங்கிக் கட்டங்களை நிரப்பும் வழக்கம் அவருக்கு இருந்தது என்றும், அருகில் தங்கியிருந்த படைவீரர்கள் பேசக் கேட்ட சொற்களைத் தாம் கொடுத்ததாகவும் அவருடைய பழைய மாணவர் ஒருவர் 1984-இல் கூறினார். ஐந்து சொற்கள் பொருந்தியது உண்மை. அதிலிருந்து எழுந்த ஐயம்தான் பொருந்தவில்லை. விசாரித்தவர்கள் பொருத்தத்தைக் கண்டவுடனே தண்டித்துவிடாமல் மேலும் ஆராய்ந்ததால் ஒரு நல்லாசிரியர் பிழைத்தார்.

அதே நாளிதழ் 1942 ஜனவரியில், 12 நிமிடத்திற்குள் புதிரை விடுவிக்க வல்லவர்களை அழைத்து ஒரு போட்டி நடத்தியது. அதில் கலந்துகொண்டோருள் சிலர், பகைவரின் மறைமொழிகளை உடைத்துப் படித்த பிளெட்ச்லி பார்க் நிலையத்தில் பணியாற்ற அழைக்கப்பட்டனர். ஊகித்து, சோதித்து, தவறானதை விலக்கும் பழக்கம் உள்ளவர்கள் அங்கே தேவைப்பட்டனர்.

புதிரின் இன்பத்தைச் சொல்லும்போது, அது கெட்ட கதையையும் சொல்லவேண்டும். 1930-களில் தமிழ் வார இதழ்களிலும் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் பெரும் பரபரப்பை உண்டாக்கின. இத்தகைய பரிசுப் போட்டிகளில் குறிப்பு எப்படி இருக்கும் தெரியுமா? 'மன்னனுக்கு அழகு தருவது' என்று கேட்டு, இரண்டு கட்டங்களில் 'டை' என்ற கடைசி எழுத்தை மட்டும் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கொடை அழகு, படை அழகு, குடை அழகு, நடையும் அழகே. எது விடை? நடத்துபவர் உறையில் இட்டு மூடி வைத்திருப்பதே விடை! இதில் அறிவுக்கு வேலை இல்லை. இவ்விரண்டு சொற்களுள் ஒன்று என்று ஐயப்படும் இடங்கள் எட்டு இருந்தால், எல்லா வகையாகவும் எழுதி அனுப்ப 256 விடைத்தாள்கள் வேண்டும். ஒரு தாளுக்கு நான்கணாக் கட்டணம் என்றால் அறுபத்துநான்கு ரூபாய் ஆகும். அந்நாளில் அது ஒரு குடும்பத்திற்குச் சிறு தொகை அன்று. பரிசு ஆசையால் வீட்டுச் செலவுப் பணத்தை இதில் தொலைத்தவர்களை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

1955-ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் பரிசுப் போட்டிச் சட்டத்தை இயற்றி, மாதத்திற்கு ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு தரும் போட்டிகளைத் தடை செய்தது. அச்சட்டத்தை எதிர்த்து வந்த வழக்கில் 1957-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்கே அச்சட்டம் பொருந்தும் என்றும், பெரும்பாலும் திறமையால் முடிவாகும் போட்டிகள் வேறு என்றும் பிரித்துக் காட்டியது. கட்டம் ஒன்றுதான், அறிவைக்கொண்டு விடையைச் சோதிக்க முடிந்தால் அது கலை, முடியாவிட்டால் அது சூது. நாள்தோறும் வரும் நல்ல புதிரில், ஒரு சொல்லைப் பிற சொற்கள் குறுக்கிட்டுச் சோதிக்கின்றன. நமக்கு வேண்டியது அத்தகைய புதிரே.

புதிரைத் தனியே விடுவிப்பது ஓர் இன்பம். வீட்டாரோடு கூடி விடுவிப்பது இன்னும் பெரிய இன்பம். எங்கள் வீட்டில் ஒரு நாள் 'தலைக்கும் சுமைக்கும் இடையே இருப்பது. நான்கெழுத்து' என்ற குறிப்பு வந்தது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் விழித்தனர். அடுப்பங்கரையிலிருந்த என் தாயார், "சும்மாடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கிரிக்கெட் ஆட்டக்காரர் பெயர் கேட்டால் பேரன் சொல்கிறான். நெல் வகை கேட்டால் தாத்தா சொல்கிறார். அறிவு ஒருவரிடமே குடியிருப்பதில்லை என்பதை அந்தச் சிறிய கட்டம் எல்லாரையும் ஒரு மேசையைச் சுற்றி அமரவைத்துக் காட்டுகிறது.

இப்போது கைபேசியிலும் புதிர்கள் வருகின்றன. நல்லதுதான். ஆயினும் அவற்றுள் சில, நாம் ஓர் எழுத்தைத் தவறாக இட்டவுடனே சிவப்பு நிறம் காட்டிவிடுகின்றன. தவறு எது என்று நாமே கண்டறிவதற்கு அங்கே இடமில்லை. ஆகவே தொடங்குபவர்களுக்கு நான் தாளையும் பென்சிலையுமே பரிந்துரைப்பேன். உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் எழுதுங்கள். ஐயமுள்ளவற்றை மெல்லிய கோடாக எழுதுங்கள். ஒரு விடை எவ்வளவு அழகாகத் தோன்றினாலும், அதைச் சாராத இன்னொரு சொல் குறுக்கே வந்து ஒப்புக்கொள்ளும்வரை அழுத்தி எழுதாதீர்கள். வழி தெரியாவிட்டால் தாளை மடித்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். குளிக்கும்போதோ நடக்கும்போதோ, தேடாத நேரத்தில் விடை தானே வந்து நிற்கும்; ஏனெனில், தவறான வழியில் ஓடிக்கொண்டிருந்த மனம் அதற்குள் அந்த வழியை மறந்திருக்கலாம். மறுநாள் விடை வெளியாகும்வரை பொறுத்திருங்கள். நாள்தோறும் கால் மணி நேரம் போதும். பாடத்திற்குரிய நேரத்தை இதற்குக் கொடுக்க வேண்டா.

விடைபெறுமுன் உங்களுக்கும் ஒரு குறிப்பைத் தந்துவிடுகிறேன். "வீரன் ஏறிச் செல்வது, அதன் தலையை நீக்கினால் கடலில் எழுவது, மூன்றெழுத்து." விடையை நான் சொல்லப் போவதில்லை. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.